யாருக்கு முதல் பரிசு? நடுவர் போடும் புள்ளி வெற்றியாக மாறும் கணக்கு

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. மலேசியாவில் சுங்கை சிப்பூட் பக்கம் ஒரு தோட்டத்தில், பாலாய் ராயா என்கிற ஊர்ப் பொது மண்டபத்தின் சிமெண்டுத் தரையில் கோலப் போட்டி. சாக்குக்கட்டியால் ஐந்தடிச் சதுரங்கள் கிழித்து எண் போட்டிருந்தோம். காலை எட்டு மணிக்கே பெண்கள் சாயம் தோய்த்துக் காயவைத்த அரிசியைக் கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுவந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாவு பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. நடுவர்கள் மூன்று பேர். அவர்கள் தாளில் போடும் புள்ளிகளைக் கூட்டிப் பட்டியல் எழுதும் வேலை என்னுடையது.

கூட்டினேன். பட்டியலைக் கொடுத்தேன். ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தார்கள், கைதட்டல் எழுந்தது. ஆனால் நடுவர்களில் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தம்பி, நான் அந்தக் கோலத்துக்குக் கடைசி இடம்தானே கொடுத்தேன்? அந்த அம்மாவும் கடைசிதான் கொடுத்தாங்களாம். அப்புறம் எப்படி அதுக்கு முதல் பரிசு?"

மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். கூட்டலில் தப்பே இல்லை. முடிவு மட்டும் மூன்று நடுவரில் இரண்டு பேருடைய தீர்ப்புக்கு நேர் எதிராக நின்றது. இரண்டாம் இடம் வந்த அக்கா தன் கோலத்தைத் தானே கூட்டி அள்ளிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். அந்தக் காட்சி இன்னும் மனத்தில் இருக்கிறது.

நம் ஊர்களில் போட்டிக்குக் குறைவே இல்லை. பள்ளியில் திருக்குறள் மனனம், பேச்சு, கதை சொல்லுதல். கோயில் திருவிழாவில் கோலம், மாலை கட்டுதல், உறுமி மேளம். திடலில் கால்பந்து. நடுவர் யார், பரிசு எவ்வளவு வெள்ளி, கிண்ணம் யார் தருவது என்று மணிக்கணக்கில் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். புள்ளிகளை எப்படி ஒன்றாகச் சேர்ப்பது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை, கூட்டினால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் கூட்டுவது பல முறைகளில் ஒரு முறைதான். முறை மாறினால் அதே தாளிலிருந்து வேறொருவர் ஜெயிப்பார். அந்த முறைகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம். பள்ளிக்கூடக் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

அன்றைய தாள்

கடைசிச் சுற்றில் நின்றவை மூன்று கோலங்கள். ஒரு மயில், ஒரு பூரண கும்பம், ஒரு சிக்குக் கோலம். எண்கள் ஏறக்குறைய இப்படி இருந்தன. முதலில் ஆசிரியர் போட்டது, அடுத்தது அந்த அம்மா போட்டது, கடைசியாக மூன்றாவது நடுவரான ஓர் இளைஞர் போட்டது:

மயில்: 64, 88, 50. மொத்தம் 202.
கும்பம்: 62, 90, 70. மொத்தம் 222.
சிக்கு: 60, 86, 90. மொத்தம் 236.

ஆசிரியர் கைகட்டிப் புள்ளி போடுபவர், அறுபதைத் தாண்டுவது அவருக்குப் பெரிய விஷயம். அம்மா தாராளம், எல்லாருக்கும் தொண்ணூறு ஒட்டி. இளைஞர் பிடித்ததற்குத் தொண்ணூறும் பிடிக்காததற்கு ஐம்பதுமாகப் போட்டிருக்கிறார்.

கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாவைத்தான் குறை சொல்வார்கள். "அள்ளிக் கொடுக்கிறாங்க, அதான் கணக்கு கெட்டுப்போச்சு" என்பார்கள். அது தவறு. அவர் மூன்று பேருக்கும் சேர்த்தே அள்ளிக் கொடுக்கிறார். அவர் போட்ட மூன்று எண்ணிலும் இருபத்தைந்தைக் கழித்துப் பாருங்கள், முடிவு கொஞ்சமும் மாறாது. எல்லாருக்கும் ஒரே அளவு தாராளமோ ஒரே அளவு கஞ்சத்தனமோ காட்டுகிற நடுவரால் கூட்டல் கணக்குக்கு ஆபத்தே இல்லை. (அவர் எல்லாப் போட்டியாளர்களையும் பார்த்திருக்க வேண்டும். காலைப் பிரிவுக்கு ஒரு நடுவர், மாலைப் பிரிவுக்கு வேறு நடுவர் என்று வைத்துவிட்டு இரண்டு பிரிவையும் ஒரே பட்டியலில் சேர்த்தால் தாராளம் நேராகவே அநியாயம் ஆகிவிடும்.)

முடிவைத் தீர்மானிப்பது இடைவெளி. ஆசிரியர் தாளில் முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் 4 புள்ளி. அம்மாவுடையதிலும் 4. இளைஞர் தாளில் 40. மற்ற இருவரும் தங்கள் முழுப் பலத்தையும் ஒரு பக்கம் சேர்த்து வைத்தாலும் 8 புள்ளிதான் நகர்த்த முடியும், இளைஞர் தனியாகவே 40 நகர்த்துகிறார். மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் தீர்ப்புச் சொன்னது ஒருவர்தான். அவர் மேல் தப்பில்லை. தனக்குக் கொடுத்த நூறு புள்ளியை முழுசாகப் பயன்படுத்தினார். எதற்கு எவ்வளவு என்று நடுவர்களை உட்காரவைத்து முன்கூட்டியே பேசாதது ஏற்பாட்டாளர்களான எங்கள் தப்பு.

இடம் பார்த்துக் கணக்கிடுவது

இன்னொரு வழி உண்டு. புள்ளிகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு நடுவரும் யாரை முதலில் வைத்தார், யாரை இரண்டாவதாக வைத்தார் என்று மட்டும் பார்ப்பது. முதல் இடத்துக்கு 1, இரண்டாம் இடத்துக்கு 2, மூன்றாம் இடத்துக்கு 3. கூட்டினால் யாருக்குக் குறைவோ அவருக்கே வெற்றி.

அதே தாள். மயில்: 1, 2, 3. மொத்தம் 6. கும்பம்: 2, 1, 2. மொத்தம் 5. சிக்கு: 3, 3, 1. மொத்தம் 7. இப்போது கும்பம் முதல், சிக்கு கடைசி. அள்ளிக்கொண்டு போன அக்காவுடையது கும்பம்.

இந்த முறைக்கு இருநூற்றைம்பது ஆண்டு வயது. பிரெஞ்சுக் கடற்படைக்காரரும் கணித அறிஞருமான போர்டா 1770இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இதை முன்வைத்தார். பிற்பாடு அந்தக் கழகமே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தியது. இடத்துக்கு இவ்வளவு புள்ளி என்று இப்படிப் படிப்படியாகக் கொடுத்துக் கூட்டும் முறையை இன்றும் அவர் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள்.

அப்படியானால் எல்லாப் போட்டிக்கும் இதையே வைத்துவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். இதற்கும் நோய் உண்டு. இடம் மட்டும் பார்த்தால், மயிரிழையில் தோற்றவரும் வெகுதூரம் பின்னால் நிற்பவரும் ஒன்றாகிவிடுவார்கள். அதைவிட விபரீதமான ஒன்று இருக்கிறது.

ஐந்து நடுவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் மயில், கும்பம், சிக்கு என்று வரிசை எழுதுகிறார்கள். இரண்டு பேர் கும்பம், சிக்கு, மயில் என்கிறார்கள். கூட்டுங்கள். மயில் 9, கும்பம் 8, சிக்கு 13. கும்பத்துக்கு வெற்றி. இப்போது ஒருவர் வந்து, "சிக்குக் கோலம் கட்டத்தைத் தாண்டி வெளியே போயிருக்கிறது, விதிப்படி செல்லாது" என்கிறார். சரி, எப்படியும் கடைசியில் இருந்த கோலம்தானே, எடுத்துவிடலாம். எடுத்துவிட்டு மறுபடி கூட்டுங்கள். மயில் 7, கும்பம் 8. வெற்றி மயிலுக்குப் போய்விட்டது! எந்த நடுவரும் மயிலைப் பற்றியோ கும்பத்தைப் பற்றியோ மனம் மாறவில்லை. கடைசியில் கிடந்த ஒன்றைத் துடைத்ததும் முதல் பரிசு கைமாறிவிட்டது. பேனாவும் தாளும் எடுத்து இதை ஒரு தடவை நீங்களே போட்டுப் பார்த்துவிடுங்கள். வாசித்தால் நம்ப மாட்டீர்கள்.

இன்னொரு நோய், மனித மனம் சம்பந்தப்பட்டது. தன் ஆளுக்கு யார் உண்மையான போட்டி என்று தெரிந்த நடுவர், அந்த ஆளை வேண்டுமென்றே கடைசியில் தள்ளிவிடலாம். போர்டாவிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். தன் முறை நேர்மையான மனிதர்களுக்கு மட்டும்தான் என்று அவர் பதில் சொன்னதாகக் குறிப்பிடுவார்கள்.

ஓரத்தை வெட்டுவது

ஒரு நடுவர் வேண்டுமென்றோ அறியாமலோ எக்குத்தப்பாகப் புள்ளி போட்டால் அதைத் தடுக்க, மேடையிலிருந்து நீரில் பாயும் ஒலிம்பிக் முக்குளிப்பில் ஓர் அழகான வழி வைத்திருக்கிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சரவாக்கைச் சேர்ந்த பண்டலேலா ரினோங் பத்து மீட்டர் மேடைப் பிரிவில் வெண்கலம் வாங்கியது நினைவிருக்கும். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் மலேசியப் பெண் அவர்தான். அந்தத் தனிநபர் போட்டியில் நடுவர்கள் ஏழு பேர். ஒவ்வொருவரும் பத்துக்குள் ஒரு புள்ளி போடுவார். மேலே உள்ள இரண்டையும் கீழே உள்ள இரண்டையும் அடித்துவிட்டு, நடுவில் மிஞ்சுகிற மூன்றை மட்டும் கூட்டுவார்கள்.

எடுத்துக்காட்டாக 8.5, 8, 8, 7.5, 7.5, 7, 5 என்று வந்திருக்கிறது. அந்த 5 போட்டவருக்கு என்ன கோபமோ தெரியாது, அவர் எண் போய்விடும். 8.5 போட்ட அபிமானியின் எண்ணும் போய்விடும். மிஞ்சுவது 8, 7.5, 7.5. மொத்தம் 23. ஒருவர் 5க்குப் பதில் பூஜ்யம் போட்டிருந்தாலும் இந்த 23 அசையாது.

அதோடு முடியவில்லை. அந்த 23ஐ அந்தப் பாய்ச்சலின் கடினத்தால் பெருக்குவார்கள். கடினம் 3.2 என்றால் 73.6. கடினம் எவ்வளவு என்பது பாய்கிறவர் எத்தனை சுழற்சி, எத்தனை திருகல் எடுக்கிறார் என்பதைப் பொறுத்து முன்கூட்டியே பட்டியலில் இருக்கும், நடுவர் அதைத் தொட முடியாது. நம் கோலப் போட்டிக்கு இது மிகவும் தேவை என்று நினைக்கிறேன். ஊடுபுள்ளி 15 வைத்து 8இல் முடித்து, கம்பி ஒரே இழையாகச் சுற்றிவரும் சிக்குக் கோலத்தையும், அச்சு வைத்துத் தெளித்த பூவையும் ஒரே தராசில் நிறுத்துகிறோம். சிக்குக் கோலத்தில் ஓர் இழை பிசகினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும், புள்ளி குறையும். பூவில் பிசக என்ன இருக்கிறது? அதனாலேயே வருடா வருடம் சிக்குப் போடும் பாட்டிமார் போட்டிக்கு வருவது குறைந்துகொண்டே போகிறது. கடினத்துக்குத் தனி மதிப்பு இருந்தால் அவர்கள் திரும்பி வருவார்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஓரம் வெட்டும் முறைக்குக் குறைந்தது ஐந்து நடுவர்கள் வேண்டும். மூன்று பேரை வைத்துக்கொண்டு மேலும் கீழும் வெட்டினால் ஒரே எண்தான் மிஞ்சும். தோட்டத்தில் ஐந்து நடுவர்களைத் திரட்டுவது எளிதல்ல, அது தெரிந்துதான் சொல்கிறேன்.

நடுவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் ஜோடியாக ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் பனிச்சறுக்கில் ஒன்பது நடுவர்கள் 5க்கு 4 என்று ரஷ்ய இணைக்குத் தங்கம் கொடுத்தார்கள். அடுத்த நாளே பிரெஞ்சு நடுவர் அழுத்தத்துக்கு ஆளானார் என்ற புகார் வெடித்தது. கடைசியில் கனடா இணைக்கும் இன்னொரு தங்கம் கொடுத்தார்கள், காலங்காலமாக இருந்த, ஆறுதான் முழுப் புள்ளி என்கிற முறையையே தூக்கிப் போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் நடுவர்கள் மூவரும் ஒரே மேசையில் தேநீர் குடித்துக்கொண்டு, "நீங்க எவ்வளவு போட்டீங்க?" என்று எட்டிப் பார்ப்பது சாதாரணம். எந்தக் கெட்ட எண்ணமும் இருக்காது. ஆனால் எட்டிப் பார்த்த நிமிடத்திலேயே மூன்று கருத்து ஒன்றரையாகிவிடும்.

யார் முதலில் மேடை ஏறுவது

திருக்குறள் மனனப் போட்டியில் முதல் எண் எடுத்த பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பயம் காரணமில்லாதது அல்ல. பெல்ஜியத்தில் ராணி எலிசபெத் இசைப் போட்டி என்று ஒன்று உண்டு. இறுதிச் சுற்றில் பன்னிரண்டு பேர், ஓர் இரவுக்கு இரண்டு பேர் வீதம் ஆறு இரவு. யார் என்றைக்கு வாசிப்பது என்பது குலுக்கலில் முடிவாகும். குலுக்கல் என்பதால் வரிசைக்கும் திறமைக்கும் சம்பந்தம் இருக்கக்கூடாது. ஆனால் பல ஆண்டு முடிவுகளை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், வாரத்தின் பிற்பகுதியில் வாசித்தவர்கள் நல்ல இடம் பெற்றதையும் முதல் நாள் வாசித்தவர்கள் பின்தங்கியதையும் கண்டார்கள். உலகத்தரம் வாய்ந்த நடுவர்களுக்கே இப்படி.

முதல் பிள்ளைக்கு நடுவர் கை தயங்குகிறது. இனி இதைவிட நன்றாக யாராவது வந்தால் என்ன செய்வது என்று எழுபதில் நிறுத்திக்கொள்கிறார். அதற்கு எளிய மருந்து, போட்டிக்கு வராத ஒரு பிள்ளையை முதலில் பேசவிட்டு, எல்லா நடுவரும் புள்ளி போட்டு, ஒப்பிட்டுப் பேசிக்கொள்வது. அந்தப் புள்ளி பட்டியலில் சேராது. பத்து நிமிடம்தான் செலவு.

திடலில் நடப்பது வேறு கணக்கு

நடுவர் புள்ளி போடாத போட்டிகளிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. ஒன்பது பேர் கால்பந்துக்கு எட்டுக் குழு வந்திருக்கிறது, தோற்றால் வீடு என்கிற முறை. எத்தனை ஆட்டம் நடத்த வேண்டும்? ஏழு. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு குழு வெளியேறும், கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்ச வேண்டும், ஆகவே குழு எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் ஆட்ட எண்ணிக்கை. பதின்மூன்று குழு வந்தால் பன்னிரண்டு ஆட்டம். அட்டவணை போட உட்காருகிற எல்லாருக்கும் இது தெரிந்திருந்தால் திடல் வாடகைக் கணக்கு சுலபமாகிவிடும்.

இந்த முறையில் வெற்றியாளர் மேல் சந்தேகம் குறைவு. சந்தேகமெல்லாம் இரண்டாம் பரிசு மேல். எட்டில் ஆகச் சிறந்த குழுவும் அதற்கு அடுத்த குழுவும் அட்டவணையின் ஒரே பாதியில் விழுந்துவிட்டால், அவை முதல் சுற்றிலோ அரையிறுதியிலோ மோதிவிடும். இரண்டாவது சிறந்த குழு வீட்டுக்குப் போய்விடும், அதைவிடச் சுமாரான குழு இறுதியாட்டத்தில் தோற்று இரண்டாம் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போகும். சீட்டுக் குலுக்கிப் போட்டால் இப்படி நடக்க ஏழில் மூன்று வாய்ப்பு உண்டு. குழந்தைகளுக்கு ஆலிஸ் கதை எழுதிய லூயிஸ் கரோல் ஒரு கணித ஆசிரியர். அவர் 1883இல் டென்னிஸ் போட்டிகளில் இரண்டாம் பரிசு தகுதியில்லாதவருக்குப் போகிறது என்று வருத்தப்பட்டு ஒரு சிறு நூலே எழுதினார். இன்று பெரிய போட்டிகளில் வலுவான ஆட்டக்காரர்களை அட்டவணையின் வெவ்வேறு மூலைகளில் பிரித்து வைப்பது இந்த நோய்க்கு மருந்தாகத்தான்.

பூப்பந்துக்கு வருவோம். 2012 லண்டன் இறுதியாட்டம் நடந்த இரவு இந்த நாட்டில் எந்த உணவுக்கடையிலும் தேநீர் கலக்கும் சத்தம் கேட்டிருக்காது. லீ சோங் வெய் முதல் செட்டை 21–15 என்று எடுத்தார், அடுத்ததை 10–21 என்று விட்டார், கடைசியில் 19–21. லின் டானுக்குத் தங்கம். இங்கே எண்ணுவது செட்டை, மொத்தப் புள்ளியை அல்ல. ஒருவர் 21–19, 5–21, 21–19 என்று ஆடினால் அவர் மொத்தம் எடுத்தது 47, எதிராளி எடுத்தது 59, ஆனாலும் ஜெயித்தவர் 47 எடுத்தவர்தான். இரண்டாவது செட்டில் எதிராளி அள்ளிய புள்ளி அந்த செட்டோடு சரி, அடுத்ததற்குக் கூடவே வராது.

இதைப் புரிந்துகொண்டால் நம் பொதுத்தேர்தலும் புரிந்துவிடும். ஒவ்வொரு தொகுதியும் ஒரு செட். அந்தத் தொகுதியில் மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூட இருந்தாலும் போதும், பாதியைத் தாண்ட வேண்டும் என்பதில்லை. பத்தாயிரம் வித்தியாசத்தில் ஜெயித்தாலும் பத்து வாக்கில் ஜெயித்தாலும் கிடைப்பது ஒரே நாற்காலி. 2008இல் எங்கள் சுங்கை சிப்பூட்டில், 1974 முதல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ம.இ.கா. கட்சித் தலைவர் சாமிவேலுவை டாக்டர் ஜெயக்குமார் தோற்கடித்தபோது நாடே திரும்பிப் பார்த்தது, ஆனாலும் நாடாளுமன்றக் கணக்கில் அது ஒரு தொகுதிதான். 2013 பொதுத்தேர்தலில் மொத்த வாக்கில் சுமார் 51 விழுக்காடு எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் ராக்யாட்டுக்கு விழுந்தது, கிடைத்த இடம் 89. சுமார் 47 விழுக்காடு வாங்கிய ஆளுங்கூட்டணி பாரிசான் நேஷனலுக்கு 133. மொத்தம் 222 தொகுதி. வாக்குகள் எந்தத் தொகுதியில் குவிந்தன, எதில் சிதறின, ஒவ்வொரு தொகுதியும் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து இப்படி வரும். இது நல்ல முறையா என்று வாதம் செய்ய நிறைய இருக்கிறது, ஆனால் வாதத்துக்கு முன்னால் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

மக்கள் வாக்கு

2003இல் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சியில் அகாடமி ஃபன்டாசியா என்கிற பாட்டுப் போட்டி தொடங்கியபோது, பாடகரைத் தேர்ந்தெடுப்பது நம் கைப்பேசிக்கு வந்தது. குறுஞ்செய்தி அனுப்பினால் வாக்கு. ஒருவரே எத்தனை தடவையும் அனுப்பலாம். ஆக அங்கே எண்ணப்பட்டது தலைகள் அல்ல, குறுஞ்செய்திகள். இப்போது தீபாவளி உடைப் போட்டி, குழந்தைப் புகைப்படப் போட்டி எல்லாம் லைக் எண்ணி நடக்கின்றன. யாருக்குச் சொந்தக்காரர்கள் அதிகமோ அந்தக் குழந்தைக்குப் பரிசு. பரிசு கிடைக்காத குழந்தையின் தாய் அதை மனத்தில் வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை, அங்கே அளந்தது அழகை அல்ல.

நடுவர் பாதி, மக்கள் பாதி என்று கலப்பதும் உண்டு. ஐரோப்பாவின் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் 2016இல் நடந்தது அருமையான பாடம். நடுவர்கள் ஆஸ்திரேலியாவை முதலில் வைத்தார்கள். மக்கள் ரஷ்யாவை முதலில் வைத்தார்கள். கோப்பை உக்ரைனின் ஜமாலாவுக்கு. அவர் இரண்டு பட்டியலிலும் இரண்டாம் இடம்! நடுவர்களிடம் 211, மக்களிடம் 323, மொத்தம் 534. ஆஸ்திரேலியா 511, ரஷ்யா 491. யாருக்கும் உச்சப் பிரியமாக இல்லாதவர், எல்லாருக்கும் ஓரளவு பிடித்தவராக இருந்து ஜெயித்தார். எங்கள் கும்பக் கோலத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். 2, 1, 2.

சரி, குறையே இல்லாத ஒரு முறை கிடையாதா? சின்ன வயதில் ஒன் டூ சோம் விளையாடியிருப்பீர்கள். பறவை தண்ணீரைக் குடிக்கும், தண்ணீர் கல்லை மூழ்கடிக்கும், கல் பறவையை அடிக்கும். யார் பெரியவர் என்று கேட்டால் பதில் கிடையாது. மூன்று நடுவர்களும் இப்படி மாட்டிக்கொள்ள முடியும். ஒருவர் மயில், கும்பம், சிக்கு என்கிறார். அடுத்தவர் கும்பம், சிக்கு, மயில். மூன்றாமவர் சிக்கு, மயில், கும்பம். மயிலையும் கும்பத்தையும் மட்டும் வைத்துக் கேட்டால் இரண்டு பேர் மயில் என்பார்கள். கும்பமா சிக்கா என்றால் இரண்டு பேர் கும்பம். அப்படியானால் சிக்கை மயில் சுலபமாக வெல்ல வேண்டுமே? கேட்டுப் பாருங்கள், இரண்டு பேர் சிக்கு என்கிறார்கள். நடுவர் ஒவ்வொருவரும் தெளிவாகத்தான் இருக்கிறார், கூட்டமாகச் சேரும்போது வட்டமடிக்கிறார்கள். பிரான்சின் கோண்டோர்சே 1785இலேயே இதை எழுதிவைத்தார். 1951இல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ இன்னும் ஆழமாகப் போய், மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் போட்டியிட்டால், நியாயம் என்று நாம் எதிர்பார்க்கும் சில எளிய நிபந்தனைகளை எல்லாம் ஒருசேர நிறைவேற்றும் வரிசைப்படுத்தும் முறை எதுவுமே இருக்க முடியாது என்று நிரூபித்தார். 1972இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே எந்த முறையை எடுத்தாலும் எங்கேயோ ஓர் ஓட்டை இருக்கும். நம்மால் முடிந்தது, முறையை முன்னாலேயே முடிவு செய்து எல்லாரும் பார்க்க ஒட்டிவைப்பது. புள்ளித் தாள் கைக்கு வந்த பிறகு முறையைத் தேர்ந்தெடுத்தால், அது முறையைத் தேர்ந்தெடுப்பது ஆகாது, வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பது ஆகிவிடும். சிக்குக் கோலத்துக்கே அன்று பரிசைக் கொடுத்தோம், கூட்டல்தான் என்று வாய்வழியாகச் சொல்லியிருந்ததால். அறிவித்த பிறகு மாற்றுவது இன்னும் பெரிய அநியாயம் என்று ஆசிரியரும் ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஆண்டு பாலாய் ராயா கதவில் ஒரு முழுத் தாள் ஒட்டினோம். நடுவர் ஐந்து பேர், தனித்தனி மேசை. மாதிரிக் கோலம் ஒன்றுக்கு முதலில் எல்லாரும் புள்ளி போட்டுப் பார்க்க வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று வெட்டப்படும். புள்ளி வைத்த கோலத்துக்குக் கடினத்தால் பெருக்கல் உண்டு, எந்தக் கோலத்துக்கு எவ்வளவு என்று கீழே பட்டியல்.

கும்பம் போட்ட அக்கா அரிசிக் கிண்ணங்களைக் கீழே வைத்துவிட்டு, விரலால் வரிவரியாகத் தொட்டு அந்தத் தாளை வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு என்னைக் கேட்டார். "ரெண்டு பேரும் சரிசமமா வந்தா?"

அதை நாங்கள் எழுதியிருக்கவில்லை. 1969 யூரோவிஷனில் இதே தவறைத்தான் செய்தார்கள். பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின், நெதர்லாந்து நான்கும் ஒரே புள்ளியில் நின்றன, சமமானால் என்ன என்று விதியில் இல்லை, நான்கு நாட்டுக்கும் வெற்றியைக் கொடுத்தார்கள். 2018 உலகக் கிண்ணக் கால்பந்தில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் எல்லாவற்றிலும் சமமாகி, நேரடி ஆட்டமும் 2–2 என்று சமமாகிவிட்டது. மஞ்சள் அட்டை குறைவாக வாங்கிய ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது, 4க்கு 6. அதுவும் சமமாகியிருந்தால் சீட்டுக் குலுக்கல்தான். ஆனால் அது முன்கூட்டியே விதியில் இருந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டும் அப்படித்தான், ஓலையை எப்படி எழுதுவது, குடத்தில் எப்படி இடுவது, எடுப்பது ஒரு சிறுவனாக இருக்க வேண்டும் என்பது வரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறது.

பேனாவை எடுத்துத் தாளின் அடியில் எழுதினேன். சமமானால், வெட்டிய இரண்டு எண்களையும் மறுபடி சேர்த்துக் கூட்டுவது. அப்போதும் சமமானால் பரிசுப் பணத்தைப் பாதியாகப் பிரித்து, கிண்ணத்துக்குச் சீட்டு. அக்கா அதையும் வாசித்துவிட்டு, ஏழாம் எண் கட்டத்தில் போய் உட்கார்ந்து நூலைப் பிடித்து நடுப்புள்ளி வைத்தார்.